வறட்சியைத் தாங்க வேம்: நாற்றங்காலிலேயே போட்டுவிடுங்கள்

மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று விடப் போகிறீர்களா? விதைக்கும் முன் வேர் உட்பூசணம் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சை) கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வேம் (VAM) என்று கேட்டால் தருவார்கள். ஒரு சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு 100 கிராம் போதும். மேலாகத் தூவிவிட்டால் பிரயோசனமில்லை. 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி, மண் மூடி, அதன்மேல் விதையுங்கள். முளைத்து இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது.

தொட்ட வேருக்குள் பூசணம் குடியேறி, வெளியே நூல் நூலாகப் படரும். வேர்த்தூவியே நுழைய முடியாத மண் இடுக்கிலும் இந்த இழைகள் புகுந்து ஈரத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இழுத்து வரும். மண் காயக் காய மணிச்சத்து நகர்ந்து வருவது குறைந்துவிடும் என்பதால் வறட்சியில் இந்த உதவி பெரிது. கூலியாகச் செடி கொடுப்பது இலையில் தயாரித்த சர்க்கரை. (இந்தப் பூசணம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. வேரைப் பிடுங்கிப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களை அள்ளிப் போட்டால் செடி பூசணத்தை அவ்வளவாக அண்டவிடாது. வேரில் சில பூசணக்கொல்லிகளை ஊற்றினாலும் போச்சு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட்டுக்கு வாங்கவே வேண்டாம், அந்த வேர்களோடு இது சேராது. அப்புறம், வேம் போட்டால் பாசனமே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவில் செடி வாடாமல் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.