அம்மா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அப்பா கத்தோலிக்கர்: குழந்தைக்குத் திருமுழுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் இப்படிக் கலந்த வீடுகள் உண்டு. எந்தச் சபையில் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். தொட்டிலருகே பாட்டிமார் வழக்கு வேண்டாம். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு சபையில் கொடுத்த திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) மற்றதும் ஏற்கும், மறுபடி கொடுப்பதில்லை.

கத்தோலிக்கக் கோவில் என்றால் ஞானப்பெற்றோர் (குழந்தையின் விசுவாச வளர்ப்புக்குப் பொறுப்பேற்பவர்) பொதுவாக 16 வயது நிறைந்து, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். சி.எஸ்.ஐ. மாமா அவரோடு சாட்சியாக நிற்கலாம், தனியாக முடியாது. இதை முந்தின நாள் கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். மலங்கரைக் கத்தோலிக்க முறையில் (கேரளத்தின் சிரியன் வழிபாட்டு மரபு) உறுதிபூசுதலும் அன்றே கொடுப்பார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். கோவில் பதிவேட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

பாலூட்டி, ஏப்பம் விடவைத்துக் கிளம்புங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை, துண்டு, மாற்றுத்துணி போதும். வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கலாம், தவறில்லை.