பெரிய டயர் போட்ட பிறகு ஸ்டீயரிங் நடுங்குகிறதா, வண்டி அலைகிறதா? ஜிம்னியில் நான் தேடிக் கண்டுபிடித்த வழி

என் மாருதி சுசுகி ஜிம்னிக்கு 235/75 ஆர்15 அளவில் ஆல்-டெரெய்ன் டயர், அதற்கேற்ற 7 அங்குல ரிம், வண்டியை 40 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங் எல்லாம் ஒரே வாரத்தில் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் நெடுஞ்சாலையில் அவிநாசியைத் தாண்டியதும், 75 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் கையில் அதிரத் தொடங்கியது. 80-ஐத் தொட்டால் இன்னொரு தொல்லை: பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் வண்டி தானாக ஒரு முழம் விலகியது, திருத்தினால் மறுபக்கம் ஓடியது. மூன்று முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது), இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் தீரவில்லை. பிறகு வீட்டு வாசலிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சரிசெய்தேன். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒற்றை இரும்பு ஆக்சில் இணைக்கும் எந்த வண்டிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. டயர் வாங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது 215/75 ஆர்15 அளவுதான். 195/80 ஆர்15 என்ற மூல டயரைவிட அதன் விட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல். கம்பெனி கொடுத்த 5.5 அங்குல ரிம்மிலேயே உட்காரும். 235-க்கு ரிம் குறைந்தது 6 அங்குலம் வேண்டும்.

படி 1: இரண்டு நோயையும் பிரியுங்கள்

நடுக்கம் வேறு, அலைச்சல் வேறு. நடுக்கம் பெரும்பாலும் சுழலும் பொருளிலிருந்து வருகிறது. அலைச்சல் ஆடும் மூட்டிலிருந்தோ கோணத்திலிருந்தோ வருகிறது. நான் இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்ததால்தான் இரண்டு மாதம் போனது.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா. ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கை என்றால் பின்புறம். காலியான நேர்ச்சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நடுக்கம் இருந்தால் என்ஜின்மேல் பழி இல்லை.

அதிர்வின் வேகத்தையும் கவனியுங்கள். 235/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் ஓடும். 75 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 9 சுற்று. கையில் படபடவென்று ஒவ்வோர் அடியும் கிட்டத்தட்ட தனித்தனியாகத் தெரியும். கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. அது வண்டு ரீங்காரம்போல் தரையில் தெரியும். ஸ்பிரிங் உயர்த்தியவர்களுக்கு இந்த இரண்டாவது வகையும் வரலாம், ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிடுவதால்.

படி 2: காற்று

டயர் கடையில் எனக்கு 35 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பினார்கள். ஜிம்னியின் எடை 1,200 கிலோ அளவுதான். பக்கச்சுவர் தடித்த இந்த டயருக்கு அது மிக அதிகம். சாக்பீஸ் சோதனை செய்யுங்கள். டயரின் பட்டைக்குக் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, நான்கு விரல் அகலத்துக்குத் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். நேர்சாலையில் நூறு மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். எனக்கு நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது, இரு ஓரங்களிலும் வெள்ளை அப்படியே நின்றது. இரண்டிரண்டாகக் குறைத்து, 26-க்கு வந்தபோதுதான் பட்டை முழுவதும் சமமாக அழிந்தது. அலைச்சலில் கால் பங்கு இதிலேயே போய்விட்டது. பெட்ரோல் நிலைய மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வையுங்கள்.

படி 3: நட்டும் ஹப்பும்

சக்கரத்தைக் கழற்றி, அது வந்து பதியும் ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். புது ரிம்முக்கு எந்த வடிவ நட்டு என்று பாருங்கள். ரிம்மின் குழியும் நட்டின் சரிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சக்கரம் தரையைத் தொடாதபோதே நட்டுகளை நட்சத்திர வரிசையில் கையால் முடுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை. ஏர் கன்னால் கடைசிவரை இறுக்கும் கடையில் நான் சக்கரத்தை விடுவதே இல்லை.

படி 4: பேலன்சிங். எனக்குக் கண் திறந்த இடம்

மூன்று முறையும் இயந்திரம் பூஜ்யம் காட்டியது. மூன்று முறையும் 75-இல் நடுக்கம் திரும்ப வந்தது. நான்காவது முறை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ஜிம்னி ரிம்மின் நடுத்துளை 108 மி.மீ. சாதாரணக் கார்களுக்கு 54 முதல் 70 மி.மீ. வரைதான் இருக்கும். பேலன்சிங் இயந்திரத்தின் தண்டில் சக்கரத்தை மையப்படுத்த ஒரு கோன் போடுவார்கள். அந்தக் கடையில் இருந்த பெரிய கோன்கூட என் ரிம்மின் துளையில் சரியாகப் பதியாமல் உள்ளே நழுவிப் போனது. சக்கரம் மையம் தப்பி உட்கார்ந்த நிலையிலேயே இயந்திரம் எடை கணக்கிட்டது. அந்தத் தப்பான மையத்துக்கு அது சொன்ன எடை சரிதான். வண்டியில் மாட்டியதும் மையம் மாறிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இயந்திரம் பூஜ்யம் காட்டியதும், பிடியைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடி பூட்டி ஓட்டச் சொல்லுங்கள். மையம் சரியென்றால் மறுபடியும் பூஜ்யமோ அதற்கு மிக அருகிலோதான் வரும். எனக்கு 45 கிராம் காட்டியது. இலகு ரக வேன், பிக்கப் வண்டிகளுக்குச் செய்யும் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே பெரிய கோன் இருந்தது. அரைச் சுற்றுச் சோதனையில் நான்கு சக்கரமும் தேறின. அன்று மாலையே 90 வரை ஓட்டினேன். கையில் நடுக்கம் இல்லை. இந்த அரைச் சுற்றுச் சோதனையைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். பணம் கொடுக்கும் வேலைக்கு இது உங்கள் உரிமை.

இதற்குப் பிறகும் நடுங்கினால் டயரே வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜேக்கியில் தூக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பட்டைக்கு மிக அருகில் அசையாமல் பிடித்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி ஒன்றரை மி.மீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் டயரை ரிம்மில் வேறு நிலைக்குச் சுற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் தெரியாவிட்டால் டயர் முழுதாக உட்காரவில்லை.

படி 5: அலைச்சலுக்கு, கட்டை விரல் சோதனை

இதற்கு ஓர் உதவியாள் வேண்டும். எனக்கு என் தம்பி உட்கார்ந்தான். நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும். ஜேக்கியில் தூக்கிச் செய்தால் எதுவும் தெரியாது. கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, என்ஜினை ஓட விடுங்கள். உதவியாள் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11-க்கும் 1-க்கும் இடையே இடைவிடாமல் ஆட்ட வேண்டும்.

நீங்கள் முன்பக்கம் படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி விரல் அடுத்த பாகத்திலும் படும்படி கட்டை விரலை வையுங்கள். இரு முன் சக்கரங்களையும் சேர்க்கும் டை ராட்டின் முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸ் இணைப்பு, கடைசியாகப் பேன்ஹார்ட் ராட். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். பேன்ஹார்ட் ராட் சேஸியோடு சேரும் போல்ட்டில் என் விரலுக்கு அடியில் ‘டிக், டிக்’ என்று ஒன்று தட்டியது. முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது அந்த ஒரே ராட்தான். ஸ்பிரிங் மாற்றியவர்கள் அதைக் கழற்றி, மாட்டி, முழுதாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் அதன் ரப்பர் புஷ் முறுகி விரைவில் கிழியும்.

படி 6: டோவும் காஸ்டரும்

மூட்டெல்லாம் இறுகிய பிறகே அலைன்மென்ட். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. இந்த வகை ஆக்சிலில் அலைன்மென்ட் கடைக்காரர்கள் திருத்தக்கூடியது டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுந்தான். ‘காஸ்டரும் சரிசெய்துவிட்டோம்’ என்று சொன்னால் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

காஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல. அந்தச் சாய்வு இருப்பதால்தான் சீட்டைப் பிடித்துத் தள்ளினாலும் சைக்கிள் நேராகப் போகிறது. வண்டியை உயர்த்தினால் ஆக்சில் சற்றுச் சுழன்று இந்தச் சாய்வு குறைகிறது. காலி மைதானத்தில் மெதுவாகத் திரும்பி, பிடியைத் தளர்த்துங்கள். ஸ்டீயரிங் சுறுசுறுப்பாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் காஸ்டர் போதவில்லை. ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மில் மையம் தள்ளிய புஷ் போட்டு அதைச் சரிசெய்யலாம், நான் போட்டேன். லாரி கடந்தாலும் வண்டி இப்போது தன் வழியில் நிற்கிறது.

ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) பெரிதாக மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு வேண்டுமானால் போடுங்கள். முதலிலேயே போட்டால் தளர்ந்த போல்ட் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், அது ஆபத்து.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், மலைப்பாதையில் சேற்றில் ஓட்டி வந்த மறுநாள் மட்டும் நடுங்குகிறது என்று எழுதினார். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறுதான் காரணம். கழுவியதும் தீர்ந்தது.

இன்னொருவருக்கு மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும், ஜேக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சக்கரம் ஆடியது. அப்போது உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் இடம்வலமாகத் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ஆட்டம் நிற்கவில்லை. வலது பக்கக் கீழ் பேரிங் மசகு காய்ந்து, உருளைகள் பதிந்த தடம் வளையத்தில் பள்ளமாக இருந்தது.