இடைக்கால ஆயுதங்களை எடைபோடும்போது செய்யக் கூடாத தவறுகள்

வாள் பெரிதா, கோடரி பெரிதா? கட்டையில் கிடையாக வில் பொருத்திய குறுக்குவில் வலுவானதா, கையால் இழுக்கும் ஆளுயர நீள்வில்லா? சரித்திரக் கதை எழுதுபவர்களும் வீடியோ கேம் ஆடுபவர்களும் ஓயாமல் கேட்கும் கேள்விகள் இவை. இப்படிக் கேட்பதுதான் முதல் தவறு. எதிரி என்ன கவசம் போட்டிருக்கிறான், ஆயுதம் பிடித்தவன் தனியாக நிற்கிறானா அணியில் நிற்கிறானா, எத்தனை வருடம் பழகியிருக்கிறான் என்பதெல்லாம் தெரியாமல் எந்த ஆயுதத்துக்கும் மதிப்பெண் போட முடியாது. ஓர் ஆயுதத்துக்குப் பலம் தரும் அம்சமே பெரும்பாலும் அதன் பலவீனத்துக்கும் காரணமாக இருக்கும். ஐரோப்பாவில், சுமார் 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை புழங்கிய ஆயுதங்களை வைத்தே இதைப் பார்ப்போம்.

எடையைப் பற்றிய தவறு

அக்காலத்து வாள் பத்து கிலோ இருக்கும், சாதாரண மனிதனால் தூக்கவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கையால் பிடிக்கும் வாள் பெரும்பாலும் 1 முதல் 1.3 கிலோதான். இரண்டு கையாலும் பிடிக்கும் நீள்வாள்கூட ஒன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும். அதைவிட மிகக் கனமாக அருங்காட்சியகங்களில் தெரியும் வாள்களில் பல ஊர்வலத்தில் தூக்கிச் செல்வதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் போர்வாளைக் கணிக்கக் கூடாது.

மொத்த எடையைவிட முக்கியம், அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. வாளின் அலகு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். கைப்பிடியின் அடியில் ஒரு கனமான குமிழ் இருக்கும். இதனால் சமநிலைப் புள்ளி கைக்கு அருகிலேயே வந்துவிடும். வீச்சைப் பாதியில் நிறுத்தலாம், திசை மாற்றலாம், எதிரியின் அடியைத் தடுக்கலாம். அதே எடையுள்ள தண்டாயுதத்தில் கனம் முழுக்கத் தலையில் இருக்கிறது. அடி இறங்கினால் தலைக்கவசத்துக்குள் இருக்கும் மண்டையே கலங்கும். ஆனால் குறி தப்பினால் அதை மீட்டெடுக்க நேரம் பிடிக்கும், தடுப்பதற்கும் அது வாளளவு உதவாது.

அலகின் நடுவே ஓடும் நீளப் பள்ளத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரத்தம் வழிந்தோடத்தான் அது என்பது வெறும் கதை. விறைப்பை அதிகம் இழக்காமல் எடையைக் குறைப்பதற்குக் கொல்லர்கள் கண்ட வழி அது.

வாள் எதையும் வெட்டும் என்ற தவறு

திரைப்படங்களில் ஒரே வீச்சில் இரும்புக் கவசம் பிளந்து ஆள் சாய்கிறான். உண்மையில் நல்ல தகட்டுக் கவசத்தை வாளால் வெட்ட முடியாது. சங்கிலிக் கவசத்தை வெட்டுவதும் மிகக் கடினம். கவசம் மாற மாற வாளின் வடிவமும் மாறியது. 13ஆம் நூற்றாண்டு வாள்களில் பல அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும்; அவை வெட்டுவதற்கானவை. தகட்டுக் கவசம் பரவியபோது குறுகி, கூர்ந்து, குறுக்குவெட்டில் வைர வடிவம் கொண்ட விறைப்பான வாள்கள் பெருகின. அக்குளிலும் முகமூடியின் இடுக்கிலும் குத்த அவை உதவின. அந்த விறைப்புக்குக் கொடுத்த விலை, வெட்டும் திறன். ஆகவே, நூற்றாண்டைச் சொல்லாமல் ‘இடைக்கால வாள்’ என்று பொதுவாகப் பேசினால் பாதி விஷயம் தவறிப்போகும்.

ஜெர்மானிய வாள்வித்தைச் சுவடிகளில், வீரர்கள் தங்கள் வாளின் அலகையே ஒரு கையால் பற்றி, குட்டை ஈட்டிபோல் பயன்படுத்தும் படங்கள் உண்டு. இரண்டு கையாலும் அலகைப் பிடித்து, குமிழாலும், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் காப்பாலும் எதிரியின் தலையில் அடிப்பதும் உண்டு. கவசத்தின் முன் வாளின் முனையும் அடியும்தான் பயன்பட்டன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இதே தேவைதான் சுத்தியல், கோடரி, ஈட்டிமுனை மூன்றையும் ஒரே கழியில் சேர்த்த போலாக்ஸையும் உருவாக்கியது.

அப்படியானால் வாள் வீணா? இல்லை. 1361இல் சுவீடனின் காட்லாந்துத் தீவில், விஸ்பி நகருக்கு வெளியே டேனிஷ் படையிடம் மாண்டவர்களின் புதைகுழிகளில் காலில் வெட்டுப்பட்ட எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. இங்கிலாந்தில் 1461இல் நடந்த டௌட்டன் போரில் இறந்தவர்களின் புதைகுழி ஒன்று 1996இல் தற்செயலாக வெளிப்பட்டது. அந்த மண்டையோடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வெட்டுகள். தலைக்கவசம் கழன்ற, அல்லது கழற்றிய பிறகு விழுந்த அடிகளாக இருக்க வேண்டும். காப்பில்லாத இடம் கிடைத்தால் வாள் கொடூரமான ஆயுதம்தான்.

வில்லின் பவுண்டுக் கணக்கு

இதில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ‘நீள்வில்லை இழுக்க 140 பவுண்டு விசை போதும், எஃகுக் குறுக்குவில்லுக்கு 1,000 பவுண்டு வேண்டும், எனவே குறுக்குவில்லுக்கு ஏழு மடங்கு சக்தி’ என்று கணக்குப் போடுவார்கள். நின்றுபோன வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து ஓரடி தள்ளுவதையும் இரண்டு பேர் ஐந்தடி தள்ளுவதையும் நினைத்துப் பாருங்கள். விசை மட்டும் போதாது, எவ்வளவு தூரம் தள்ளுகிறோம் என்பதும் வேண்டும். நீள்வில்லின் நாண் அம்பை 60 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளுகிறது. எஃகுக் குறுக்குவில்லின் நாண் தள்ளுவதோ 15 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஏழு மடங்கு விசை, கால் பங்குத் தூரம்: ஏழு மடங்கு சக்தி என்பது இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதிலும் ஒரு பங்கை, வில்லின் கனமான எஃகுக் கைகளை அசைப்பதே தின்றுவிடும்.

பின் ஏன் குறுக்குவில்லை விரும்பினார்கள்? நாணை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கோட்டை மதிலில் ஒளிந்து நின்று நிதானமாகக் குறிபார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுகிய காலத்தில் பழகிவிடலாம். நீள்வில் அப்படிப்பட்டதல்ல. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நீள்விற்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை தேவை என்று கணிக்கிறார்கள். சிறுவயதிலிருந்தே இழுத்துப் பழகிய தோளுக்குத்தான் அது வசப்படும். 1363இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாட்களில் ஆண்கள் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டதன் பின்னணி இதுதான். வில்லோடு சேர்த்து வில்லாளியையும் வளர்க்க வேண்டியிருந்தது.

1346இல் கிரெஸியில் பிரெஞ்சுப் படைக்காகப் போரிட்ட இத்தாலியின் ஜெனோவா குறுக்குவில்லாளர்கள் ஆங்கில நீள்வில்லாளிகளிடம் தோற்றதை வைத்து அந்த ஆயுதமே மட்டம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மெதுவாக நாணேற்றுபவனுக்கு முன்னால் பெரிய கேடயம் வேண்டும். அந்தக் கேடயங்கள் பின்னால் வந்த மூட்டைமுடிச்சுகளோடு தங்கிவிட்டன. மழையில் நாண்கள் நனைந்துவிட்டன என்றும் குறிப்பு உண்டு.

சின்னச் சின்னத் தவறுகள்

முதுகில் உறை மாட்டி நீள்வாளை உருவுவது படத்துக்கு அழகு. ஐரோப்பிய வீரன் வாளை இடுப்பில்தான் தொங்கவிட்டான். போர்ச் சுத்தியல் என்றால் பாறை உடைக்கும் சம்மட்டி என்று வரையாதீர்கள், அதன் தலை சிறியது. முழுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். எடை உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் அதோடு ஓடலாம், குதிரை ஏறலாம். பூசிகோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாக அவரது வரலாறு சொல்கிறது.

ஆயுதத்தைத் தனியாகப் பார்க்கும் தவறு

என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய தவறு, ஏனென்றால் இதில் ஈட்டி காணாமல் போய்விடுகிறது. போர்க்களத்தில் பெரும்பாலான காலாட்களின் முதல் ஆயுதம் ஈட்டியோ நீண்ட கழி ஆயுதமோதான். வாள் பக்கத்துணை. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1298இல் ஃபால்கர்க்கில் ஆங்கிலேயர்களுக்கு எதிராக நெருக்கமான ஈட்டி வளையங்களாக நின்றார்கள். குதிரைப்படையால் உடைக்க முடியவில்லை, ஆனால் அசையாமல் நின்ற கூட்டத்தை வில்லாளிகள் சிதைத்தார்கள். 1314இல் பானக்பர்னில் அதே ஈட்டிகள் வென்றன. அங்கே ஈட்டி அணிகள் நகர்ந்து முன்னேறின. ஆங்கில வில்லாளிகளை ஸ்காட்டியக் குதிரைவீரர்கள் விரட்டினார்கள்.

சுவிஸ்காரர்களின் ஹால்பர்டும் அப்படித்தான். சுமார் இரண்டு மீட்டர் கழியில் கோடரியும் முனையும் கொக்கியும் சேர்ந்த அந்த ஆயுதம் 1315இல் மோர்கார்டன் மலைப்பாதையில் ஆஸ்திரியக் குதிரைவீரர்களை நொறுக்கியது. 1422இல் அர்பேடோவில், இத்தாலியின் மிலன் படைத் தளபதி கார்மன்யோலா தன் வீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி ஈட்டிகளோடு முன்னேற வைத்தார். எட்டாத தூரத்திலிருந்து வந்த முனைகளுக்கு ஹால்பர்டால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் சுவிஸ் படைகளில் ஐந்து மீட்டர் நீளமுள்ள பைக் ஈட்டிகள் பெருகின. ஆனால் எதிரி கிட்டே நுழைந்துவிட்டால் அவ்வளவு நீளமான கழி பயன்படாது. அதனால் ஹால்பர்ட் வீரர்களை அவர்கள் கைவிடவில்லை. சதுர அணியின் நடுவே, கொடியைச் சுற்றி நிறுத்தினார்கள்.