காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும் முன்

நல்ல நாளும் இண்டர்வியூ தேதியும் ஒத்துவராவிட்டால் பயணத்தைத் தள்ளாதீர்கள், பரஸ்தானம் வையுங்கள். நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, பயண நாளில் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பெரியவர்களுக்கும் நிம்மதி. ஒரிஜினல் சான்றிதழ்கள் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் மதியவாக்கில் எழும்பூர். வெளிச்சத்திலேயே திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் (மாத வாடகை விடுதிகளில்) அறை பார்த்துவிடலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் எந்நேரம் வரும் என்பதை மேனேஜரிடம் அல்ல, அங்கே தங்கியிருப்பவரிடம் கேளுங்கள்.

பலரும் தடுமாறுவது பணத்தில்தான். 20-ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தால், பல கம்பெனிகளில் அந்த நாள்களின் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் வரும். 60 நாள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் இல்லாவிட்டால், நல்ல வேலை கூடிவரும் வேளையில் ஊர் திரும்ப நேரிடும். முடிந்தால் 1-ஆம் தேதியே சேரக் கேளுங்கள்.