வேலூரிலிருந்து மிளகாய்த்தூள் அரைத்து எடுத்துச் செல்வோருக்கு

விடுமுறைக்கு வேலூர் வந்து, ஓராண்டுக்கான மிளகாய்த்தூளை அரைத்துக்கொண்டு திரும்ப நினைப்பவர்கள், அந்த வேலையைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவிடக் கூடாது. வாங்கவும், காயவைக்கவும், அரைத்த தூள் ஆறவும் நான்கு நாட்களாவது வேண்டும்.

நேதாஜி மார்க்கெட்டிலும் லாங்கு பஜாரிலும் மளிகைக் கடைகள் நெருக்கமாக இருப்பதால், இரண்டு மூன்று கடைகளில் பார்த்து வாங்குவது எளிது. காரத்துக்குக் குண்டூர் நீட்டு மிளகாய் போதும். நிறம் வேண்டுமென்றால் காரம் குறைந்த பேடகி மிளகாயைக் கால் பங்கு சேர்க்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயை நான் தாளிக்க மட்டுமே வைத்துக்கொள்வேன். எதுவானாலும் குலுக்கினால் உள்ளே விதை ஒலிக்க வேண்டும்; ஒடிக்கும்போது வளைந்து கொடுத்தால் அதில் ஈரம் இருக்கிறது, விரைவில் பூஞ்சணம் பிடிக்கும்.

எங்கள் வீட்டுக் குழம்புத்தூளுக்கு ஒரு கிலோ மிளகாய், ஒரு கிலோ தனியா, மிளகு, சீரகம், துவரம்பருப்பு, விரலி மஞ்சள் தலா 100 கிராம், வெந்தயம் 50 கிராம். ஆம்பூர் பிரியாணி செய்கிறவர்கள் அரைக்காத மிளகாயும் அரைக் கிலோ எடுத்துச் செல்லுங்கள். அதற்குத் தூள் ஆகாது, ஊறவைத்து அரைத்த விழுதுதான் அந்த ருசியைத் தரும்.

கோடையில் மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் போதும். டிசம்பரில் வருபவர்கள் மழையையும் பனியையும் எதிர்பார்த்து, வெறும் வாணலியில் நிறம் மாறாத அளவுக்குச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மில்லில் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், உடன் நின்று அரைத்து வாங்குங்கள். உங்களுக்கு முன் அந்த மெஷினில் என்ன அரைத்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்காமல் போனதால் ஒருமுறை எங்கள் இரண்டு கிலோ தூளும் சீயக்காய் வாடை அடித்து வீணாயிற்று. சூடான தூளை அப்படியே கட்டி வைத்தால் வியர்த்துக் கட்டிதட்டும். ஆகவே செய்தித்தாளில் அல்லாமல், துவைத்த பருத்தி வேட்டியில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, சலித்து, இரட்டைக் கவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள்.

அரைக்க நேரமில்லாதவர்கள் அக்மார்க் முத்திரையும் அரைத்த தேதியும் பார்த்துப் பாக்கெட் வாங்கலாம். சில்லறைத் தூளானால் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் தூவிப் பாருங்கள். செயற்கைச் சாயம் கலந்திருந்தால் சிவப்புக் கோடுகளாக இறங்கும்.

விமானத்தில் மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்வோர் அந்நாட்டுக்குள் நுழைவதற்காக நிரப்பும் பயணியர் படிவத்தில் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கவரின் மேல் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தால் சோதனை சீக்கிரம் முடியும்.