விண்வெளித் தூசு: நிறத்தை மட்டும் கொண்டு தொலைவைத் தீர்மானிக்க வேண்டாம்

மே மாதத்தில் முகிலற்ற ஓர் இரவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே நோக்கினால், தென்சிலுவையை ஒட்டிப் பால்வீதியின் நடுவே கரிய திட்டு ஒன்று தெரியும். அங்கே விண்மீன்களே இல்லை என்று கருதுவது தவறு. ஏறத்தாழ 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள தூசு முகில் ஒன்று பின்னாலுள்ள ஒளியை மறைத்து நிற்கிறது. இத்தூசு, முகில்களில் மட்டுமன்றிப் பால்வீதியின் தளமெங்கும் பரந்திருப்பதை 1930இல் வானியலாளர் ரொபேட் டிரம்ளர் நிறுவினார். அதைக் கணக்கில் எடுக்காதவரை, மங்கலாகத் தெரிந்த விண்மீன் கூட்டங்கள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் உள்ளவையாகக் கணிக்கப்பட்டன.

சோளகக் காலத்தில் கிரவல் வீதிகளில் எழும் புழுதியை இதனுடன் ஒப்பிடுவதும் பொருந்தாது. சிலிக்கேற்றும் காபனும் கொண்ட இத்துணிக்கைகள் பெரும்பாலும் ஒரு மைக்குரோமீற்றரிலும் சிறியவை. ஆகையால் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் தடுக்கின்றன.

உயர்தர மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தூசினால் ஒரு விண்மீன் பேரடை சிவந்து தோன்றுவது வேறு, அண்டம் விரிவதால் ஏற்படும் செம்பெயர்ச்சி வேறு. செம்பெயர்ச்சியில் நிறமாலைக் கோடுகள் யாவும் நீண்ட அலைநீளங்களை நோக்கி ஒரே விகிதத்தில் நகர்கின்றன; இதன் மதிப்பு கூடக்கூடப் பேரடை தொலைவில் உள்ளது. தூசோ கோடுகளை இடம்பெயர்ப்பதில்லை, ஒளியின் அளவை மட்டுமே குறைக்கிறது. எனவே நிறத்தை மட்டும் பார்த்துத் தொலைவைச் சொல்வது ஆபத்தானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களிலிருந்து 2022இல் செம்பெயர்ச்சி 16 அளவில் இருக்கக்கூடும் எனக் கருதப்பட்ட சீயர்ஸ்-93316 என்ற பேரடையின் நிறமாலை 2023இல் ஆராயப்பட்டபோது, உண்மையான மதிப்பு 4.9 மட்டுமே எனத் தெரிந்தது. தூசு தந்த செம்மையும் வலிய உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து, அதை மிகத் தொலைவிலுள்ள பேரடைபோல் தோன்றச் செய்திருந்தன. முதற்கணிப்பைச் செய்தவர்களைக் குறைகூற இதில் எதுவுமில்லை. அதை நிறமாலை கொண்டு சோதித்ததே முறையான அறிவியல்.

தூசு தடுத்த ஒளி அழிந்துபோகிறது என்பதும் தவறான எண்ணம். அதை உறிஞ்சிச் சூடாகும் துணிக்கைகள் செங்கீழ்க் கதிர்களாக அச்சக்தியைத் திரும்ப வெளியிடுகின்றன. அண்ட வரலாற்றில் விண்மீன்கள் உமிழ்ந்த சக்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு இவ்வழியாகவே நம்மை அடைவதால், கட்புலனாகும் ஒளியை மட்டும் கொண்டு விண்மீன் பிறப்பைக் கணக்கிட்டால் விடை குறைந்துவிடும்.

நமது பால்வீதியின் தூசை மறப்பதும் ஆபத்தே: 2014இல் தென்துருவத்தில் இயங்கிய பைசெப்2 தொலைநோக்கியின் குழு, அண்டத்தின் தொடக்கத்தில் எழுந்த ஆதி ஈர்ப்பலைகளின் தடயமென அறிவித்த சமிக்ஞையின் பெரும்பகுதி இத்தூசிலிருந்தே வந்திருக்கலாம் என்பதை 2015இல் பிளாங்க் செய்மதியின் தரவுகளுடன் சேர்த்துச் செய்த ஆய்வு காட்டியது.