ஹாம்பர் வாங்குமுன்: உணவுப் பரிசில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, ஒயின் பாட்டில் மாதிரியே இருக்கும் திராட்சைச் சாறு பாட்டிலை நடுவில் நிற்க வைத்த ‘ஹாம்பர்’ என்னும் பரிசுக் கூடை ஒன்று உங்கள் வீட்டுக்கும் எப்போதாவது வந்திருக்கும். கொடுத்தவர் தாராளமாகத்தான் செலவழித்திருப்பார். ஒரு மாதம் கழித்து அதில் மிச்சம் என்ன என்று பாருங்கள். உப்பு நீரில் மிதக்கும் ஆலிவ், எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று தெரியாத சாஸ், யாரும் தொடாத க்ராக்கர் பிஸ்கட். முந்திரி மட்டும் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

கூடையைக் கடை விளக்கொளியில் பார்த்து வாங்குகிறோம். அது திறக்கப்படுவதோ இன்னொருவர் வீட்டுச் சமையலறையில். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுவார்கள், ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று யோசிக்காமல் வாங்குவதுதான் அடிப்படைத் தவறு. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

கூடைக்கென்று தேதி கிடையாது

ஹாம்பரில் பத்துப் பொருள் இருந்தால் பத்துத் தேதி இருக்கும். பண்டிகை நெருக்கத்தில் கட்டி முடிக்க ஆள் கிடைக்காது என்பதால் பல கடைகளில் சில வாரங்கள் முன்பே கட்டி அடுக்கிவிடுவார்கள். மேலே சுற்றிய தாளால் எந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் பார்க்க முடியாது. கட்டிவைத்த கூடையை அப்படியே தூக்கி வருவதைவிட, அலமாரியிலிருந்து நாமே எடுத்துக் கொடுத்து அங்கேயே கட்டச் சொல்வது நல்லது. பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் அல்லவா?

தேதிகளில் இரண்டு வகை உண்டு. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டினால் சுவையும் மொறுமொறுப்பும் குறையலாம். ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ தாண்டினால் சாப்பிடவே கூடாது. உதிரியாக எடை போட்டு விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டிலேயே எழுதி வைக்க வேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பதால் சில கடைகளில் அந்த அட்டை தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

இனிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது ஈரம்தான். ரசகுல்லா, ரசமலாய் போன்றவை ஓரிரு நாள். பாலைச் சுண்டவைத்துச் செய்யும் பால்கோவாவும் பேடாவும் நாலைந்து நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டியவை. நெய்யும் சர்க்கரையும் மிகுந்த மைசூர்பாகு, கோதுமை அல்வா எல்லாம் அதைவிட அதிகம் தாங்கும். கடலை மிட்டாய் வாரக்கணக்கில் நிற்கும், காற்றுப் படாமல் இருந்தால். வெள்ளிக்கிழமை வாங்கிய பால் இனிப்பை அடுத்த வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறவர், வாங்கிக்கொள்கிறவருக்குப் பரிசு தரவில்லை, வேலை தருகிறார்.

பருப்பு வகைகளில் தேதியைவிட மூக்கை நம்பலாம். வால்நட்டில் இருக்கும் கொழுப்பு சீக்கிரம் காற்றோடு சேர்ந்து கெடும். சிக்கு வாடை வந்துவிட்டால் எந்தத் தங்க நிறப் பெட்டியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. வாங்கும் கடையில் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஆலிவ் எண்ணெயும் இப்படித்தான். வெளிச்சமும் சூடும் அதற்கு எதிரி. கண்ணாடி வழியே பச்சையாகப் பளிச்சென்று தெரியும் பாட்டிலைவிட, கறுத்த பாட்டிலிலோ தகர டின்னிலோ இருப்பதை எடுப்பது புத்திசாலித்தனம்.

சாக்லேட் விஷயம் தனி. கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். மே மாதத்தில் மதுரையிலோ சென்னையிலோ டெலிவரி வண்டியின் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் சாம்பலும் வெள்ளையுமாகப் படலம் படியும். அது பூஞ்சை இல்லை, மேலே வந்து உறைந்த கொழுப்பு. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் பார்த்தவர் குப்பையில்தான் போடுவார். இந்தத் தொல்லைக்குப் பயந்தும் விலை குறைவுக்காகவும் பல ஹாம்பர்களில் ‘காம்பவுண்ட்’ சாக்லேட்டை வைக்கிறார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். பொருட்பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். ஊட்டியில் ‘ஹோம்மேட்’ என்று வாங்கி மலையிறங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் உசத்தியா?

‘குர்மே’, அதாவது உயர்ரக உணவு என்றாலே பாஸ்தா, பெஸ்டோ, பால்சமிக் வினிகர் என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. சமைக்கத் தெரிந்த, அதை விரும்பும் வீட்டுக்கு அவை அருமையான பரிசு. எழுபது வயதுத் தம்பதி மட்டும் இருக்கும் வீட்டில் அவை அலமாரி அலங்காரம்.

நல்ல உணவுப் பரிசுக்கு வேண்டிய எல்லாம் நம் ஊர்களிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி, உடன்குடி பனங்கருப்பட்டி மூன்றும் 2023இல் சேர்ந்தன. மணப்பாறை முறுக்கை ஒருமுறை வேகவைத்து எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடுவார்கள். அந்த மொறுமொறுப்பு அதனால் வருவது. பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலை வாழைப்பழம்.

ஆனால் இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பேருந்து நிலையம் ‘ஒரிஜினல்’ மணப்பாறை முறுக்கும், ‘அசல்’ திருநெல்வேலி அல்வாவும் விற்கிறார்கள். பெயரை நம்பி வாங்காமல், பொட்டலத்தில் தயாரிப்பாளரின் முகவரி எந்த ஊர் என்று பாருங்கள். கருப்பட்டியில் சீனி கலப்பது ஊரறிந்த ரகசியம். மற்ற கடைகளைவிடப் பாதி விலையில் கிடைத்தால் அதில் பனை எவ்வளவு, கரும்பு எவ்வளவு என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. மழைக்காலத்தில் கருப்பட்டி இளகும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் கொடுங்கள். வளைகாப்புக்குக் குங்குமப்பூ கொடுக்கிறவர்கள் தூளாக வாங்காமல் இழையாக வாங்குங்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும், மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. வெதுவெதுப்பான நீரில் போட்டதும் குபீரென்று சிவப்பு இறங்கி இழை வெளுத்துவிட்டால் அது சாயம். அசல் இழை நிதானமாக மஞ்சள் நிறம் விட்டு, தான் சிவப்பாகவே இருக்கும்.

கூடையின் பருமனைப் பார்த்து ஏமாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அடியில் இருப்பது வெட்டிய காகிதம். ஒவ்வொரு பொட்டலத்தின் நிகர எடையையும் எம்.ஆர்.பி.யையும் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தால் ரிப்பனுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் நாற்பது நாற்பது கிராமாகப் பத்துப் பொருளைவிட, அரைக் கிலோவாக ஒரே நல்ல பொருள் மேல். அதை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் கொடுத்தால் பாத்திரமும் பயன்படும். “சம்படமும் உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதை வெறுமனே திருப்பித்தரக் கூசி, நிரப்பிக் கொண்டுவருவதற்கு என்ன செய்வது என்று அந்த வீட்டு அம்மா யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

சாப்பிடப்போவது யார்

இந்தியாவில் விற்கும் பொட்டலங்களில் சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவம் என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முட்டை சேர்ந்தாலும் பழுப்புதான். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். சிக்கல் குறி இல்லாத பொருள்களில்தான். தூத்துக்குடி மக்ரூனை முந்திரி இனிப்பு என்று நினைத்து முட்டை தொடாத வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. அது முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. பேக்கரியில் உதிரியாக வாங்கும்போது எந்தக் குறியும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் மார்ஷ்மெலோவிலும் ஜெல்லி மிட்டாயிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால் உறையவைக்கப்படுவது. சைவர்களுக்கு அது ஆகாது. ரம்மில் ஊறிய பழங்கள் போட்ட பிளம் கேக்கை இஸ்லாமிய நண்பர் வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ரமலான் மாதம் என்றால் நல்ல பேரீச்சையைப் போல் பொருத்தமான பரிசு வேறில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் அன்றே பயன்படும்.

அப்புறம் சர்க்கரை. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பெட்டியைச் சர்க்கரை நோய் உள்ள மாமாவுக்கு வாங்கிக் கொடுத்து, நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறோம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற லட்டுவில் பேரீச்சையும் அத்தியும் தேனும் இருக்கும். ரத்தத்தில் அவையும் சர்க்கரையாகத்தான் ஏறும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் அப்படியே. சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு போட்டவற்றில் ஏற்றம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை, அதிகம் சாப்பிட்டால் வயிறும் போகும். அவருக்கு உப்பில்லாமல் வறுத்த பாதாமோ பிஸ்தாவோ கொடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் ஊறுகாய், வடகம், உப்புப் பருப்பு எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. குழந்தை பிறந்த வீட்டுக்குத் தேன் பாட்டில் பரிசாகப் போனால் யாராவது பெரியவர் நாக்கில் தடவிவிடும் வாய்ப்பு அதிகம்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழக்கூடை வாங்குவது வழக்கம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு வாழை, ஆரஞ்சு, பேரீச்சை, இளநீர் எல்லாம் ஆபத்தாகலாம். அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தை அவர் உடலால் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். கூட இருந்து பார்த்துக்கொள்பவரைத் தொலைபேசியில் ஒரு நிமிடம் கேட்டால் போதும். பல நேரம் அந்தக் கூட இருப்பவருக்கு ராத்திரிச் சாப்பாடு வாங்கிப் போவதே பெரிய உதவியாக இருக்கும்.

எல்லோரும் கொடுக்கும் நாளில் கொடுப்பது

தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளில் ஒரு சாதாரண வீட்டுக்கு நாலைந்து ஸ்வீட் பாக்ஸ் வந்து சேரும். சோன்பப்டி டப்பா ஊர் சுற்றும் நகைச்சுவை இங்கிருந்து பிறந்ததுதான். பிரிக்கப்படாமலே வீடு வீடாகப் போய்க் கடைசியில் கொடுத்தவரிடமே வந்து சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் உங்கள் பெட்டியும் ஒன்றாக வேண்டாம் என்றால் காரம் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளை மாற்றுங்கள். பொங்கலுக்கு நல்ல வெல்லமும் நெய்யும் கொடுத்தால் அன்றே பானையில் போகும்.

இன்னொன்றை மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டில் தீபாவளி கொண்டாடுவதில்லை. சில குடும்பங்களில் உறவினர்களே பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், சிலரோ வெளியிலிருந்து இனிப்பு வாங்கவே மாட்டார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பட்டியலில் கூரியர் போடும்போது இந்த வீடும் அதில் சிக்கிவிடும். பட்டியலை ஒருமுறை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு ஊழியர்கள் பட்டியலில் இருந்தால், பரிசு வாங்குவதில் அவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு என்பதையும் கவனியுங்கள்.

கடல் தாண்டிப் போகும் பெட்டி

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது வருடாவருடம் நடக்கும் போராட்டம். ஆஸ்திரேலியாவுக்குள் பர்ஃபி, பேடா, குலாப் ஜாமூன் போன்ற பால் இனிப்புகளை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை, கால்நடை நோய் பரவும் என்ற பயம் அவர்களுக்கு. குருமாவுக்கு நாம் சாதாரணமாக அரைக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் கொப்பரைத் தேங்காய் வைக்க விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்பதால். நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் இருந்தால் 100 மில்லி விதிக்குள் சிக்கும், அவற்றை இறுக மூடி செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டில் கட்டிய பொட்டலத்தைவிட, பொருட்பட்டியல் அச்சிட்ட பிரிக்காத கடைப் பொட்டலத்தை அதிகாரியிடம் விளக்குவது சுலபம். பால் சேராத கடலை மிட்டாய், முறுக்கு மாதிரி உலர்ந்தவற்றுக்குப் பொதுவாகத் தொல்லை குறைவு. அப்படியே இருந்தாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது படிவத்தில் ‘உணவு இருக்கிறது’ என்று எழுதிவிடச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் அகப்பட்டால் இனிப்பின் விலையைப்போலப் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.